சிங்கப்பூர்க் கூந்தல்

கார்த்தி,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. கோபம் தீராமல் அந்த வார்த்தையைப் போட்டால் அது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி சும்மா சம்பிரதாயமாகப் போய்விடும். செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டி திரும்பி வந்திருக்கிறது, மறுபடியும் மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அழுகிறாயோ என்று நினைத்தேன். பெற்றவள் புத்தி, அப்படித்தான் நினைக்கும். அப்புறம் நீ சொன்னாய்: "கீர்த்தனாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிடாதம்மா. மாசமா இருக்கா. முடி கொட்டினா என்ன, அதான் விக் இருக்கில்ல." விக் இருக்கில்ல. மழை வருகிறது என்றால் குடை இருக்கில்ல என்பார்களே, அந்தத் தொனியில் சொன்னாய். நான் "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். போனில் நான் எப்போதுமே சரிப்பாதான். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் யாரும் எனக்குக் குறுக்கே பேச முடியாது.

போன வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ பார்த்த பக்கம் வேறு, நான் பார்த்த பக்கம் வேறு. மார்கழியில் எனக்கு மார்பில் ஆபரேஷன். நீ பத்து நாள் லீவு போட்டு வந்தாய், ஆஸ்பத்திரியில் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டாய், குறை சொல்லமாட்டேன். நீ சிங்கப்பூர் திரும்பிய பிறகுதான் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டாவது தடவை முடிந்து குளிக்கும்போது முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. வேலைக்கு வருகிற வசந்தாதான் ஒரு குச்சியை விட்டுக் குத்தி எடுத்தாள். நான் ஈரப் புடவையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். "இன்னாத்துக்குமா இப்டி அழுவுற? மசுருதானே, போவட்டும். உசுரு கீதுல்ல?" என்று அதட்டினாள். மீதி இருந்ததையும் அவளே கத்தரிக்கோலால் வெட்டி, பழைய தினத்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இன்று வரைக்கும் என் மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வசந்தா. இன்னொருத்தியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதில் நீ இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கீர்த்தனா ஜாதகம் வந்தது. தரமணியில் வேலை, அடையாற்றில் வீடு, ஒரே பெண். எல்லாம் பொருந்தியிருந்தது. உன் சித்தி பெண் கல்யாணத்தில் எடுத்த என் போட்டோவை அவர்களுக்கு அனுப்பினோம். பார்க்க வருகிறோம், அம்மாவை எப்போது பார்க்கலாம் என்று அவர்கள் கேட்டார்கள். நீ என்னைக் கேட்காமலேயே பதில் சொன்னாய்: "அம்மா என்கூட சிங்கப்பூர்ல இருக்காங்க, மூணு மாசம் கழிச்சுத்தான் வருவாங்க." நானோ மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இதே வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கிறவள் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் வெளியே போகவில்லை. மூன்று மாசம் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. பங்குனியில் அறுபத்து மூவர் போகும்போது தெருவே ஜனமாக இருந்தது. மேளச் சத்தம் கேட்கிறது, மோர்ப் பந்தலில் பிள்ளைகள் கத்துவது கேட்கிறது, நான் தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்குள் மின்விசிறியைக்கூடச் சின்னதாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் இதே ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். தெருவுக்கு நாலு பேர் என்னை 'மிஸ்' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் யார் கண்ணிலும் படாமல் திருடி மாதிரி என் வீட்டிலேயே ஒளிந்திருந்தேன். மறைக்க வேண்டும் என்று சொன்னது நீ. ஒளிந்தது நான்.

விக்கை இங்கேயே வாங்கலாமே, தி. நகரில் இல்லாததா என்று நான் கேட்டேன். "ஐயோ, தி. நகர் வேணாம்மா. அவங்க வீட்ல கல்யாணப் புடவை எடுக்க அங்கதான் சுத்திக்கிட்டு இருப்பாங்க. யாராவது பாத்துட்டா அவ்வளவுதான், கல்யாணம் நின்னுடும்" என்றாய். கடைசி மருந்து முடிந்து ஒரு மாசத்தில் டிக்கெட் அனுப்பினாய். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். பாஸ்போர்ட்டைப் பார்த்த பையன் துணியை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முத்திரையைக் குத்தி, "பத்திரமா போயிட்டு வாங்கம்மா" என்றான். அந்தப் பக்கம் இறங்கி வந்தபோது நீ முதலில் என்னைப் பார்க்கவில்லை, கார்த்தி. உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாய். அப்புறம்தான் பெட்டியை வாங்கிக்கொண்டாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். வகுப்பில் கடைசி பெஞ்சில் எவள் காப்பி அடிக்கிறாள் என்று கரும்பலகையைப் பார்த்தபடியே கண்டுபிடித்தவள் நான்.

அந்தக் கடையை நான் மறக்கவே முடியாது. பெரிய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. கடைக்காரம்மா சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், தன் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். டேப்பை எடுத்து நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், காதிலிருந்து காது வரைக்கும் அளந்தாள். வகிடு எந்தப் பக்கம் என்று உன்னைக் கேட்டாள். இருபத்தொன்பது வருஷம் பார்த்த தலை, உனக்குத் தெரியவில்லை. நடு வகிடு என்று நான்தான் சொன்னேன். முதலில் ஒன்றைக் காட்டினாள், அது பொம்மை முடி மாதிரி மினுமினுத்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதுதான் உயர்ந்த ரகம், நிஜ முடி, வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிந்தது. சீவினால் வகிட்டில் தோல் தெரிகிற மாதிரியே இருக்கும். அதில் கறுப்பும் வெளுப்பும் கலந்த ஒன்றை எடுத்து என் தலையில் வைத்து நெற்றியில் விரலால் நீவிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இருந்த நானே உட்கார்ந்திருந்தேன். "இது வேணாம், நரை தெரியுது" என்றாய் நீ. போனில் இருந்த அந்தக் கல்யாணப் போட்டோவை அவளிடம் நீட்டினாய். ஏழு வருஷத்துக்கு முந்தின போட்டோ, அதிலும் நான் டை அடித்திருந்தேன். "இயற்கையா தெரியணும்னு சொன்னீங்களே. இயற்கையா தெரியணும்னா இவங்க வயசும் தெரியணும்" என்று அவள் பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்னாள். நீ கேட்கவில்லை. போட்டோவில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்றாய். அந்த வீட்டுக்குப் போனது அந்தப் போட்டோ அல்லவா?

கறுப்பு முடியை வைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று என்னைக் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாய். முன்னால், பின்னால், இரண்டு பக்கம் என்று போட்டோ எடுத்தாய். சாமான் வாங்குகிறவன்கூட அவ்வளவு திருப்பிப் பார்க்கமாட்டான். கேள்வியாகக் கேட்டாய். மெட்ராஸ் வியர்வைக்குத் தாங்குமா, ஆட்டோவில் போனால் காற்றில் நகருமா, ஹேர்பின் குத்தலாமா, வீடியோவில் பக்கத்தில் எடுத்தால் தெரியுமா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டாய். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் கடைக்காரம்மாதான் ஓரத்தைத் தூக்கி, தையல் அழுத்திச் சிவந்திருந்த இடத்தைத் தடவி, "வலிக்கிறதா?" என்று கேட்டாள். என் தலையைத் தொட்ட இரண்டாவது ஆள் அவள்தான்.

முழுப் பழியையும் உன் மேல் போடமாட்டேன். அன்று உன் ஃபிளாட்டில் நீ ஆபீஸ் போன பிறகு அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். கறுப்பு முடி எனக்குப் பிடித்திருந்தது. நோயாளி மூஞ்சி போய்விட்டது. இப்படியே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஊருக்கு வந்ததும் பழைய மாணவி ஒருத்தி குளத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "மிஸ், சிங்கப்பூர் போய் பத்து வயசு குறைஞ்சு வந்துட்டீங்க" என்றபோது சிரித்துக்கொண்டே நடந்தேன். பொய்க்கு ஒரு சுகம் உண்டு. அது எனக்கும் இருந்தது. அந்த முடியைக் கொண்டை போட முடியாது, தூக்கிக் கட்டினால் பிடரியில் வலையின் ஓரம் தெரியும். அதனால் வாழ்நாளில் முதல்முறையாகத் தலையை விரித்து கிளிப் போட்டுக்கொண்டேன். ஆனால் அவ்வளவு கேள்வி கேட்ட நீயும், அவ்வளவு நேரம் கண்ணாடி பார்த்த நானும், ஒன்றைக் கேட்க மறந்துவிட்டோம். எண்ணெய். சீனத்து அம்மாளுக்கு அது தோன்றாது, நியாயம். நமக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனியில் பெண் பார்த்தோம், ஆவணியில் கல்யாணம். மண்டபத்தில் நான் பட்ட பாட்டை எழுதினால் இரண்டு பக்கம் ஆகும். பெண் வீட்டார் ஏற்பாடு செய்திருந்த அலங்காரப் பெண் எனக்கும் தலை பின்னிவிட வந்தாள், துரத்தினேன். கீர்த்தனா என் தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்க வந்தாள், விலகினேன். சம்பந்தியம்மா என் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன், பேசிக்கொண்டிருக்கலாம் என்றார், எனக்குத் தனியாகப் படுத்துத்தான் பழக்கம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பையன் வீட்டு அம்மா கொஞ்சம் கெத்து என்று அப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கும் காதில் விழுந்தது. நோயாளி என்ற பேருக்குப் பயந்து திமிர் பிடித்தவள் என்ற பேரை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் உங்கள் தலை தீபாவளி. சம்பந்தியம்மா என்னையும் அடையாற்றுக்கு வரச் சொன்னார், தனியாக வீட்டில் இருக்கக் கூடாது என்று நேரில் வந்து கூப்பிட்டார். விடியற்காலையில் கூடத்தில் மணை போட்டுக் கோலம் போட்டிருந்தார்கள். நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய வாசனை வீடு முழுக்க. நீயும் கீர்த்தனாவும்தான் முதலில் உட்காருவீர்கள் என்று நினைத்து நான் ஓரமாக நின்றேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, "நீங்க வாங்க. நீங்கதான் முதல்ல" என்றார். அவர் தங்கை முகத்தைச் சுளித்தாள். "என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா, முதல்ல அவங்களையா?" என்று மெதுவாகச் சொன்னாள். உன் அப்பா போன பிறகு இந்த மாதிரி முகச்சுளிப்பு எனக்குப் புதிதில்லை. ஆனால் சம்பந்தியம்மா சொன்னதுதான் புதிது. "பெரியவங்க அவங்கதான். இஷ்டமில்லாதவங்க உள்ள போய் உக்காருங்க" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு என்னை மணையில் உட்கார வைத்தார். பதினாலு வருஷத்தில் ஒருத்தரும் எனக்காக அப்படிப் பேசினதில்லை. எனக்குக் கண் கலங்கியது. அதற்குள் அவர் கிண்ணத்தோடு என் பின்னால் வந்துவிட்டார்.

நீ சோபாவிலிருந்தே சொன்னாய்: "அத்தை, அம்மாவுக்கு எண்ணெய் வேணாம். சைனஸ். டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை நீ. "சாஸ்திரத்துக்கு ஒரே ஒரு சொட்டு" என்று அவர் சிரித்துக்கொண்டே உச்சியில் கையைக் கொண்டுவந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். "வேணாம்னு சொல்றோம்ல!" என்று கத்தினேன். வகுப்பில் கத்துகிற குரல். கிண்ணம் சாய்ந்து எண்ணெய் முழுக்க அவர் புதுப் புடவையில். தங்கைக்காரி, எனக்கு அப்பவே தெரியும் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். சம்பந்தியம்மா "பரவாயில்ல, பரவாயில்ல" என்று புடவையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். இதில் அசிங்கம் என்னவென்றால், அந்த விக்குக்கு அடியில் என் சொந்த முடி ஒரு விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. வெள்ளையும் சாம்பலுமாக, சுருட்டை சுருட்டையாக. எண்ணெய் வைத்துக்கொள்ள எனக்குத் தலை இருந்தது, கார்த்தி. காட்டத்தான் முடியவில்லை. நேற்று வரை நீளக் கறுப்பு முடியோடு இருந்தவள் இன்று கிராப்போடு எப்படி வந்து நிற்பது? அந்த முடியை வசந்தாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இப்போது மருந்து ஏற்றினால் அதுவும் கொட்டிவிடும்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த 'சைனஸ்' உனக்கு எங்கிருந்து அவ்வளவு சட்டென்று வந்தது என்று யோசித்தால் எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீ நாலாவது படிக்கும்போது உன் அப்பா ஆபீஸ் போவதை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், சாப்பிடமாட்டார், கூப்பிட்டால் திரும்பமாட்டார். மனநல ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் வைத்திருந்தோம். அது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நான் பயந்தேன். "யார் கேட்டாலும் அப்பா ஆபீஸ் வேலையா நாக்பூர் போயிருக்கார்னு சொல்லு" என்று உன்னை உட்கார வைத்துப் பாடம் மாதிரி ஒப்பிக்கச் செய்தேன். அப்பாவின் அக்கா வந்து உன்னைத்தான் முதலில் கேட்டார். நீ ஒப்பித்ததோடு நிற்கவில்லை, "வரும்போது எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கார்" என்று சொந்தமாகச் சேர்த்தாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று சாயங்காலம் லஸ்ஸுக்குக் கூட்டிப் போய் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். கெட்டிக்காரன் என்று தலையைத் தடவினேன். உன் அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அக்கா, "ஏண்டா, நாக்பூர் எப்படி இருந்துது?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நன்றாக இருந்தது என்றார். அதற்குப் பிறகு அவர் ஆறு வருஷம் இருந்தார். கூடப் பிறந்த அக்காவிடம்கூடத் தனக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அந்த ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். ஒருநாள் ஆரம்பித்தார், நான் காபி டம்ளரை நங்கென்று வைத்துப் பேச்சை மாற்றினேன். அதனால் உனக்கு நான் புத்தி சொல்கிற தகுதியோடு இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். நோயை மறைத்தால் நோய் வந்தவர்தான் காணாமல் போகிறார். முதலில் உன் அப்பா போனார். இப்போது நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கீர்த்தனா வந்தாள். ஒரு மாசம் இருக்கலாம் என்று சிங்கப்பூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தவள், இரண்டு வாரமாக இங்கே எட்டிப் பார்க்கவில்லை. மணி அடித்ததும் அவசர அவசரமாக விக்கை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். உள்ளே வரவில்லை, செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் அத்தை. கேட்டுட்டுப் போயிடறேன்."

"உள்ள வந்து உக்காரும்மா, இந்த நிலைமைல நிக்கலாமா?"

"இல்ல, பரவாயில்ல. எங்க அம்மா உங்களுக்கு என்ன தப்பு பண்ணாங்க? உங்களுக்காக சித்திகிட்ட சண்டை போட்டாங்க. சித்தி அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கே வர்றதில்ல. நீங்க எல்லார் முன்னாடியும் கையைத் தட்டி விட்டீங்க. அந்தப் புடவையை அம்மா இன்னும் வாஷ் பண்ணக்கூடக் குடுக்கல. எங்க அம்மா கை அவ்ளோ கேவலமா போச்சா?"

நான் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தேன்.

"வளைகாப்புக்கு உங்களைக் கூப்பிடறதா வேணாமான்னு அம்மா கேக்கறாங்க. கூப்பிட்டு நீங்க மறுபடியும் அப்படிப் பண்ணிட்டா? கை நீட்டி வளையல் போடற இடம் அது. நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க."

கேட்கிற முறையில் கேட்டாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவள் கண் நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு சைனஸ்மா." அதுதான் வந்தது. இருபது வருஷமாகப் பழகின நாக்கு. "சரி அத்தை" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள். ஐந்து மாச வயிற்றோடு கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள், நான் கூடப் போய்ப் பிடிக்கக்கூட இல்லை. மேலே நின்று தலையைத் தொட்டு விக் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இதை எழுத ஆரம்பித்தேன். உனக்குப் பேர் கெட்டுவிடும், பெண்டாட்டிக்கும் உனக்கும் நடுவில் சண்டை வரும், அதெல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன்னைவிட அவளிடம் எனக்கு ஒரு கடமை அதிகமாக இருக்கிறது. உன்னைப் பெற்றதால் நீ என்னைப் பொறுத்துப் போகலாம், நான் உன்னைப் பொறுத்துப் போகலாம். அவள் என்ன பாவம் செய்தாள்? அவளுக்குத் தெரியாத ஒன்றை வைத்து அவள் அம்மாவை அவமானப்படுத்தினோம். நம் வீட்டு ரத்தம்தான் அவள் வயிற்றில் வளர்கிறது. அந்தக் குழந்தைக்கு என்னென்ன வரும் போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள்தான். என்னால் நேராக முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வாய் என்னை ஏமாற்றிவிடும் என்று தெரிந்துபோயிற்று. எழுதினால் கை ஏமாற்றாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவளை வரச் சொன்னேன். விக் மாட்டிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்தபோது அவள் என் தலையைப் பார்த்தாள், உள்ளே வந்து உட்கார்ந்தாள். இந்தக் காகிதங்களை அவள் மடியில் வைத்தேன். இதுவரைக்கும் நீ படித்த எல்லாவற்றையும் அவள் உனக்கு முன்னால் படித்துவிட்டாள். வசந்தா அடுக்களையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். படித்து முடித்ததும் கீர்த்தனா நடுவில் இரண்டு பக்கத்தைத் தேடி எடுத்து மறுபடியும் படித்தாள். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

"மருந்து என்னிக்கு?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை."

"நான் வரேன். உள்ள விடமாட்டாங்க, வெளிய உக்காந்திருக்கேன்."

இந்த நிலைமையில் நீ எதுக்கும்மா என்றேன். அவள் தன் போனில் புதன்கிழமை என்று குறித்துக்கொண்டாள். உனக்குப் போன் போட்டுத் தருகிறேன், பேசும்மா என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "என்கிட்ட சொல்றதுக்கு அவருக்கு எட்டு மாசம் இருந்துது அத்தை. நான் ஏன் பண்ணணும்? அவரே பண்ணட்டும்" என்றாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அது என் வேலை இல்லை.

இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதி முடித்ததும் எல்லாப் பக்கத்தையும் அவள் தன் போனில் படம் எடுத்து, தன் நம்பரிலிருந்தே வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பப் போகிறாள். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் போன் பண்ணாதே, நான் எடுக்கமாட்டேன். அவளுக்குப் பண்ணு. நீ இதைத் திறந்த நிமிஷத்தில் அவள் போனில் நீலக் குறி விழும். அதிலிருந்து அவள் மணி பார்க்க ஆரம்பிப்பாள்.

அம்மா